ஈர நெல்லை வாங்கினால் மட்டும் போதாது

ரேஷன் அரிசி பழுப்பாக இருந்தால் நாம் சண்டைக்குப் போவது கடைக்காரரிடம்தான். "எனக்கு வந்ததைத்தானே தர முடியும்?" என்பார் அவர். அது உண்மையும்கூட. பழுப்பு அரிசி பெரும்பாலும் கடையில் உண்டாவதில்லை. அறுத்த நெல் களத்துக்கு வந்ததற்கும் ஆலைக்குள் போனதற்கும் இடைப்பட்ட நாட்களில், ஏதோ ஒரு மழை ராத்திரியில், தார்ப்பாய்க்கு அடியில் அந்தச் சேதம் நடந்து முடிந்திருக்கும். அரிசி நம் கைக்கு வரும்போது பல மாதம் ஓடியிருக்கும். யாரைக் கேட்பது என்பதும் மறைந்து போயிருக்கும்.

எங்கள் வீடு கீழத்தஞ்சைப் பக்கம். ஐந்து மா நிலம். குறுவை, தாளடி என்று இரண்டு போகம் நெல் போடுகிறோம். விளைந்ததை அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் போடுவோம். தினச் சமையலுக்கு ரேஷன் புழுங்கல்தான். டெல்டாவில் பாதிக் குடும்பங்களின் நிலை இதுதான். அதனால் "விவசாயிக்குச் சலுகை கொடுத்தால் சாப்பிடுகிறவனுக்குக் கெடுதல்" என்று யாராவது பேசும்போது எனக்குக் கோபம் வரும். விற்கிற வீடும் சாப்பிடுகிற வீடும் ஒன்றாக இருக்கும்போது இதில் இரண்டு கட்சிகள் ஏது?

2022 குறுவையைச் சொல்கிறேன். அந்த வருடம்தான் முதல் தடவையாக அக்டோபருக்குக் காத்திராமல் செப்டம்பர் 1-ஆம் தேதியே கொள்முதல் தொடங்கியது. சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,160 ரூபாய், பொது ரகம் 2,115. ஊரே சந்தோஷப்பட்டது. நாங்கள் கோ 51 ரக நெல் போட்டிருந்தோம். அறுப்பு நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் கையால் அறுத்து, அரி அரியாக வயலில் போட்டு, மறுநாள் கட்டுக் கட்டிக் களத்துக்குக் கொண்டுவந்து அடிப்பார்கள். தாளோடு கிடக்கும்போதே நெல் ஓரளவு காய்ந்துவிடும். இப்போது செயின் மிஷின். நிற்கிற பயிரை அறுத்து, அடித்து, அரை மணியில் டிராக்டர் பெட்டியில் கொட்டிவிடும். ஆள் கிடைக்காத ஊரில் வேறு வழியும் இல்லை. ஆனால் மழை நாளில் மிஷினிலிருந்து இறங்கும் நெல்லைக் கையில் அள்ளினால் உள்ளங்கை நனைகிறது. அப்படிப்பட்ட நெல்லை அன்றைக்கே பரப்பியாக வேண்டும். எங்கே பரப்புவது? சிமெண்டுக் களம் ஊருக்கு ஒன்று. அதற்கு முன்பதிவு மாதிரி வரிசை. மீதிப் பேருக்குத் தார்ச் சாலைதான். பஸ்ஸும் லாரியும் போகிற சாலையில், ஒரு பக்கம் கல்லை வரிசையாக அடுக்கி, மறுபக்கம் நெல்லைக் காயவைத்து, நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் என் தம்பி வயதுப் பையன். ஈரம் பார்க்கும் மிஷினில் ஒரு கைப்பிடி நெல்லைக் கொட்டி மூடியைத் திருகினார்.

"அக்கா, இருபது காட்டுது. பதினேழுக்கு மேல நான் பிடிக்க முடியாது. காய வச்சு எடுத்துட்டு வாங்க."

"எங்க தம்பி காய வைக்கிறது? வானத்தப் பாருங்க."

"எனக்கு மட்டும் தெரியாதாக்கா? இத நான் பிடிச்சு, நாளைக்கு ஆலைக்காரன் திருப்பி அனுப்பினா நட்டத்த என் சம்பளத்துலதான் பிடிப்பாங்க."

அவர் சொன்னது சாக்கு இல்லை. நெல்லுக்கு மத்திய அரசு ஆண்டுதோறும் ஒரே சீரான தர வரையறை வெளியிடுகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மண், கல் போன்றவை 1 சதவீதம். வைக்கோல், பதர் போன்றவை 1 சதவீதம். கருக்காயும் (முற்றாத நெல்) சுருங்கிய நெல்லும் 3 சதவீதம். சேதமானது, நிறம் மாறியது, முளைத்தது, வண்டடித்தது எல்லாம் சேர்த்து 5 சதவீதம். மட்ட ரகக் கலப்பு 6 சதவீதம். இந்த எண்களை எல்லா விவசாயியும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். "உங்க நெல்லு சரியில்ல" என்று மொட்டையாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளக் கூடாது. எது சரியில்லை, எத்தனை சதவீதம் என்று கேட்க வேண்டும். ஈரத்துக்கு மிஷின் இருக்கிறது. கருக்காய்க்கும் பதருக்கும் தூற்றிப் பார்த்து எடை போடலாம். எண் சொல்ல முடியாத குறையைச் சொல்லி நெல்லை நிறுத்திவைத்தால், அங்கே வேறு எதையோ எதிர்பார்க்கிறார்கள் என்று அர்த்தம். மூட்டைக்கு இத்தனை ரூபாய் என்று அது எந்த ரூபத்தில் வரும் என்பது டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கையூட்டை விவசாயியின் நஷ்டமாக மட்டுமே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அது தட்டில் விழுகிற சோற்றின் விஷயமும்கூட. காசு கொடுத்தவரின் 21 சதவீத நெல் உள்ளே போகும், கொடுக்காதவரின் 17 சதவீத நெல் வெளியில் மழையில் கிடக்கும். வெளியே கிடந்தது நனைந்து முளைக்கும், உள்ளே போனது மூட்டைகளை அடுக்கிய அட்டிக்குள் வேகும். ஒரே கையூட்டில் இரண்டு குவியலும் கெட்டுப்போகிறது.

ஈர நெல் அட்டிக்குள் என்ன ஆகும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு மறக்காது. நெல் அறுத்த பிறகும் மூச்சு விடுகிறது. ஈரம் கூடினால் மூச்சும் கூடும், சூடும் கூடும். நிலையத்தில் ஒரு வாரமாக லாரி வராமல் கிடந்த அட்டியில், சுமைதூக்கும் அண்ணன் ஒருவர் நடுச் சிப்பத்தை, அதாவது நடு மூட்டையை, காட்டி, "கைய வச்சுப் பாரும்மா" என்றார். சாக்குக்குள் விரலை நுழைத்தேன். புழுக்கிய நெல்லின் சூடு. வெளி வரிசை குளிர்ந்திருக்கிறது, நடுவில் கொதிக்கிறது. ஒரு பிடி எடுத்து உமியை உரித்துப் பார்த்தபோது அரிசியின் முனையில் மஞ்சள் ஏறியிருந்தது. பூஞ்சை வாடையும் வந்தது. அந்த மஞ்சள் எந்த ஆலையிலும் வெள்ளையாகாது. புழுக்கினால் இன்னும் கருக்கும். நிறம் பிரிக்கும் இயந்திரத்தால் அந்த அரிசியைப் பொறுக்கித் தள்ளலாம். 2021-க்குப் பிறகு தமிழ்நாட்டில் அரவை ஆலைகள் அந்த இயந்திரம் வைத்தாக வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது, நல்ல முடிவு. ரேஷன் அரிசியின் நிறம் அதற்குப் பிறகு தேறியது என்பதை என் முறத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் இயந்திரத்துக்குக் கண் உண்டு, மூக்கு கிடையாது. வெள்ளையாகத் தெரிகிற அரிசியிலும் வாடை தங்கிவிடும்.

அந்த 2022 அக்டோபர் கடைசியில் ஈரப்பத வரம்பில் தளர்வு வந்தது. தமிழ்நாடு 22 சதவீதம் கேட்டது. மத்திய அரசு 19 சதவீதம் வரை அனுமதித்தது. அடுத்து 2023 பிப்ரவரியில், சம்பா அறுப்பில் பருவம் தப்பிய மழை பெய்தபோது 20 சதவீதம் வரை அனுமதி வந்தது. 2025 அக்டோபரில் மறுபடி குறுவை நனைந்தது. நிலையங்களுக்கு வெளியே நெல் முளைத்தது. மாநிலம் மறுபடி 22 கேட்டது. மத்தியக் குழுக்கள் மறுபடி வந்து மாதிரி எடுத்துப் போயின. ஒவ்வொரு தடவையும் இதே வரிசைதான். மழை பெய்த பிறகு கோரிக்கை, கோரிக்கைக்குப் பிறகு குழு, குழுவுக்குப் பிறகு முடிவு. அந்த நாட்களெல்லாம் நெல் வெளியில் கிடக்கும்.

தளர்வு வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். வடகிழக்குப் பருவமழை டெல்டாவுக்கு எப்போது வரும் என்பது யாருக்கும் ரகசியமில்லை. குறுவை அறுப்பு அதற்கு நேராகத்தான் வந்து நிற்கிறது. அப்படியிருக்க, மழையில் அறுத்த நெல்லை அரசு வாங்க மறுத்தால் விவசாயி தனியாரிடம் பாதி விலைக்குக் கொட்டிவிட்டுப் போவான். அதனால் வாங்கத்தான் வேண்டும். ஆனால் தளர்வு என்பது ஒரு எண்ணை மாற்றுவதோடு முடிகிற காரியம் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 22 சதவீத ஈரத்தில் பிடித்த 40 கிலோ சிப்பத்தை 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் 37.6 கிலோதான் நிற்கும். அதாவது சிப்பத்துக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ தண்ணீர். ஒரு லாரிக்கு, ஒரு நிலையத்துக்கு, ஒரு மாவட்டத்துக்கு என்று பெருக்கினால் அது எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரை யாராவது எங்காவது எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் அது நெல்லுக்குள்ளேயே இருந்து தன் வேலையைக் காட்டும்.

இப்படிப்பட்ட தளர்வு ஆணைகளில் வழக்கமாக ஒரு நிபந்தனை இருக்கும். செய்திகளில் அது அதிகம் வருவதில்லை. தளர்வில் வாங்கிய நெல்லைத் தனியாக அடுக்க வேண்டும், தனிக் கணக்கு வைக்க வேண்டும், முதலில் அரைத்து மாநிலத்துக்குள்ளேயே செலவழிக்க வேண்டும், சேமிப்பில் தரம் கெட்டால் முழுப் பொறுப்பும் மாநில அரசுடையது. காகிதத்தில் பார்த்தால் இது சரியான நிபந்தனை. தளர்வு வந்த மறுநாள் எங்கள் பக்கத்து நிலையத்தில் தனி அட்டி எதுவும் போடப்படவில்லை. 16 சதவீதத்துக்குக் காய்ந்த நெல்லும் 19 சதவீத ஈரத்தில் பிடித்த நெல்லும் ஒரே அட்டியில் ஏறின. அப்புறம் ஆலையில் யார் எதைப் பிரிப்பது? ஊழியர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இடம் கிடையாது, மூட்டைக்கு அடியில் போடக் கட்டை கிடையாது, தார்ப்பாய் பாதி கிழிசல், லாரி எப்போது வரும் என்று தெரியாது. பருவகாலத் தற்காலிக ஊழியர் ஒருவரும் காவலர் ஒருவரும் ஒரு அரசாங்கத்தின் வாக்குறுதியைச் சுமந்துகொண்டு நிற்கிறார்கள்.

என் கட்சி இதுதான்: தளர்வுக்கு ஒப்புக்கொண்ட அரசு, அதே ஆணையில் உலர்த்தும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். ஊராட்சி ஒன்றியத்துக்கு இத்தனை உலர்த்தும் இயந்திரம், ஈர நெல் இத்தனை மணி நேரத்துக்குள் நிலையத்தை விட்டுப் புறப்பட வேண்டும், தனி அட்டிக்கு இந்த நிறக் குறி, ஆலையில் முதல் வரிசை அதற்கே. இதெல்லாம் முடியாத காரியமா? இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் திறந்த இடம் தஞ்சாவூர். நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சிக்கென்றே ஒரு மத்திய நிறுவனம் அறுபதுகளின் கடைசியில் திருவாரூரில் சிறிய ஆய்வகமாக முளைத்து இன்று தஞ்சாவூரில் பெரிய அளவில் இயங்குகிறது. ஈர நெல்லை எப்படிக் காப்பது என்ற அறிவு நம் வாசலிலேயே இருக்கிறது. 2022-இல் மேற்கூரை போட்ட நெல் சேமிப்பு வளாகங்கள் பல இடங்களில் திறக்கப்பட்டன. அவை வந்த இடத்தில் நிலைமை தேறியிருக்கிறது. ஆனால் கூரை மழையைத்தான் தடுக்கும். ஏற்கெனவே நெல்லுக்குள் இருக்கிற ஈரத்துக்குச் சூடான காற்று வேண்டும்.

அந்தக் குறுவைக்குப் பிந்தைய வெயில் காலத்தில் ஒரு மாதம் எங்கள் கடையில் வந்த புழுங்கல் அரிசி சரியில்லை. அது எங்கள் பக்கத்து நெல்தானா என்று யாராலும் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். களைந்த தண்ணீர் மஞ்சளாக இருந்தது. உலையில் போட்டதும் ஈரச் சாக்கு வாடை. என் மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். பக்கத்து வீடுகளிலும் அதே கதை. சிலர் மாட்டுக்கு வைத்தார்கள். சிலர் கிலோ ஐந்துக்கும் ஆறுக்கும் வாங்குகிறவனிடம் போட்டார்கள். இப்படிப் போடுவதைக் கடத்தல் என்று போலீஸ் பிடிக்கும். வாயில் வைக்க முடியாத அரிசியை விநியோகித்ததற்கு யாரும் பிடிபடுவதில்லை.

நாங்கள் பெண்கள் சிலர் சேர்ந்து அந்த அரிசியை விடுவதில்லை என்று முடிவு செய்தோம். அதில் நடந்தவற்றிலிருந்து தெரிந்துகொண்டதைச் சொன்னால் மற்ற ஊர்களுக்கும் உதவும்.

முதலில் அரிசியை எண்ணுங்கள். மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கலந்து, கறுப்புத் தட்டில் நூறு அரிசியைப் பரப்புங்கள். அரசின் வரையறைப்படி புழுங்கல் அரிசியில் நிறம் மாறியது 5 சதவீதம், சேதமடைந்தது 4 சதவீதம், குருணை 16 சதவீதம் வரை இருக்கலாம். பச்சரிசியில் நிறம் மாறியதும் சேதமடைந்ததும் தலா 3, குருணை 25. வரையறை எடைக் கணக்கு. நாம் எண்ணுவது உத்தேசம்தான். ஆனாலும் நூற்றில் பதினெட்டு இருபது பழுப்பு என்று வந்தால், அது சந்தேகமே இல்லாமல் எல்லை தாண்டியது. "அரிசி மோசம்" என்று எழுதிய மனுவையும் "நூற்றுக்கு இத்தனை நிறம் மாறியது, வரையறை 5" என்று எழுதிய மனுவையும் அலுவலகத்தில் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. இது எங்கள் கண் கண்ட உண்மை.

அடுத்தது சாக்கு. நம் பையில் விழுந்த அரிசிக்கு அடையாளம் கிடையாது. அது வந்த சாக்கின் வாயில் தைத்த சீட்டிலும் சாக்கின் மேல் அச்சிலும்தான் எந்த ஆலை, எந்தப் பருவம் என்ற விவரம் இருக்கும். அதைப் போட்டோ எடுத்துவிடுங்கள். கடையின் விற்பனையாளரை விரோதியாக்காமல் இருந்தால் இது எளிது. எங்கள் கடையில் இருந்த அண்ணன், "நான் சொன்னா கிடங்குல எடுபடாது, நீங்க எழுதுங்க, நான் சீட்ட எடுத்து வைக்கிறேன்" என்றார். அவருக்கும் கெட்ட மூட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றுதான் இருந்தது. மக்கள் எழுத்தில் கொடுத்தால் அவர் கைக்கும் பலம் வருகிறது.

யாரிடம் கொடுப்பது என்பதில்தான் நாங்கள் அதிகம் அலைந்தோம். கடையை நடத்துவது பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கம். கிடங்கு 1972-இல் தொடங்கிய நுகர்பொருள் வாணிபக் கழகத்துடையது. அரைப்பது அவர்களின் சொந்த நவீன ஆலையாகவும் இருக்கலாம், கூலிக்கு அரைக்கும் தனியார் முகவராகவும் இருக்கலாம். கண்காணிப்பது வட்ட வழங்கல் அலுவலர். கலப்படம், பாதுகாப்பு என்றால் உணவுப் பாதுகாப்புத் துறை. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள்; ஒவ்வொருவர் சொன்னதிலும் ஒரு பங்கு நியாயமும் இருந்தது. பொறுப்பு இத்தனை துண்டாகக் கிடப்பதுதான் தரமற்ற தானியம் கடை வரைக்கும் வந்து சேர்வதற்கு வழி. 1967 என்ற தொலைபேசி எண்ணில் புகார் சொல்லிப் பதிவு எண் வாங்கினோம். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகக் குறைதீர் முகாமில் மனுவையும் ஒரு பொட்டலம் அரிசியையும் சேர்த்தே மேசையில் வைத்தோம். பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்த அதிகாரி அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை. கடையில் மீதியிருந்த மூட்டைகள் கிடங்குக்குத் திரும்பின. மாற்று அரிசி வந்தது. அந்த மூட்டைகள் வேறு ஊருக்குப் போகவில்லை என்று எழுத்தில் கேட்டோம். அதற்குப் பதில் வரவில்லை. என்னை இன்னும் உறுத்துவது இதுதான். திருப்பி அனுப்பிய அரிசி என்ன ஆனது என்று சொல்ல வேண்டிய கடமை அரசுக்கு இருக்கிறது. குரல் கொடுத்த ஊருக்கு நல்லதும், கொடுக்காத ஊருக்கு நாங்கள் தள்ளியதும் போனால் நாங்கள் செய்த காரியத்துக்கு என்ன மதிப்பு?

சட்டம் நம் பக்கம்தான் நிற்கிறது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தானியம் என்று சொல்லும்போதே மத்திய அரசு வகுத்த தரத்துக்கு உட்பட்ட தானியம் என்றுதான் சொல்கிறது. மாவட்டத்துக்கு ஒரு குறைதீர் அலுவலர், மாநிலத்துக்கு ஓர் உணவு ஆணையம், கண்காணிப்புக் குழுக்கள், சமூகத் தணிக்கை எல்லாம் அதில் உண்டு. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் உணவுத் தொழில் என்பதை விளக்கும்போது லாபம் உண்டோ இல்லையோ, அரசுடையதோ தனியாருடையதோ, எல்லாவற்றையும் உள்ளடக்குகிறது. தரக்குறைவான உணவுக்கு 5 லட்சம் வரை அபராதம் என்கிறது. மளிகைக் கடைக்குள் நுழைந்து மாதிரி எடுக்கிற அதே உணவுப் பாதுகாப்பு அலுவலர் ரேஷன் கிடங்கிலும் எடுக்கலாம். எடுக்கச் சொல்லி நாம் மனு கொடுக்க வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தகவல் என்றால் காகிதம் மட்டும் இல்லை. பொருட்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறுவதும் அந்த உரிமைக்குள் வருகிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில், "இன்ன தேதியில் இன்ன கடைக்கு அனுப்பிய அரிசியின் தர ஆய்வு அறிக்கையும் சான்றளித்த மாதிரியும் வேண்டும்" என்று கேட்கலாம். பதில் தர 30 நாள் கெடு. ரேஷன் கடையில் விநியோகிக்கும் தானியத்தின் மாதிரியை மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது பொது விநியோகக் கட்டுப்பாட்டு ஆணையிலேயே உள்ளது. உங்கள் கடையில் அந்த மாதிரி இருக்கிறதா என்று அடுத்த தடவை பாருங்கள்.

சோதித்தால் என்ன தெரியவரும் என்பதற்கு மத்தியப் பிரதேசம் சாட்சி. 2020 ஜூலை கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் மத்திய உணவுத் துறையின் குழு பாலாகாட், மண்ட்லா மாவட்டக் கிடங்குகளிலும் ஒரு ரேஷன் கடையிலுமாக 32 மாதிரிகள் எடுத்தது. அந்த அரிசி மனிதர் உண்ணத் தகுதியற்றது, கால்நடைக்கும் கோழிக்கும்தான் ஆகும் என்று அறிக்கை வந்தது. கொரோனா ஊரடங்குக் காலம். ஜனங்கள் ரேஷனை மட்டுமே நம்பியிருந்த நேரம். அந்தக் குழு போயிருக்காவிட்டால் அதையும் சாப்பிட்டிருப்பார்கள். ஒரு கிடங்குக்குள் அந்த அரிசி போக எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்று யோசித்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கெட்ட அரிசியைக் கண்டுபிடிப்பதைப் போலவே, நல்லதைக் கெட்டது என்று எண்ணித் தூக்கி எறியாமலிருப்பதும் தெரிந்திருக்க வேண்டும். செறிவூட்டிய அரிசி வந்த புதிதில் எங்கள் தெருவில் பெரிய கலவரம். "பிளாஸ்டிக் அரிசி கலந்துட்டாங்க" என்று முறம் முறமாகப் பொறுக்கி எறிந்தார்கள். இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் பி12-உம் சேர்த்து, அரிசி மாவிலேயே வார்த்தெடுத்த மணிகள் அவை. நூறு அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தார்கள். பார்க்க வழவழப்பாக, சற்று மஞ்சளாக, சில சமயம் தண்ணீரில் மிதக்கும். நூற்றுக்கு ஒன்றிரண்டு ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தால் அது செறிவூட்டிய மணி. பழுப்பு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு இடத்தில், திட்டுத் திட்டாக இருந்தால் அது ஈரத்தில் வெந்த நெல்லின் அரிசி. இந்த வித்தியாசத்தைக் கடைச் சுவரில் படம் போட்டு ஒட்டியிருந்தால் எத்தனையோ சந்தேகம் தீர்ந்திருக்கும். தலசீமியா, அரிவாள் செல் சோகை உள்ளவர்கள் இரும்பு சேர்த்த அரிசி பற்றி மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் அதே சுவரில் எழுதியிருக்கலாம்.

நெல் போடுகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிடைத்த வெயிலில் நெல்லை மெல்லியதாகப் பரப்பி, காலைத் தேய்த்து நடந்து சால் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். ஓரிடத்தில் தடிப்பாகக் குவித்தால் மேல் காய்ந்து அடி ஈரமாகவே இருக்கும். கடித்துப் பாருங்கள்: டக்கென்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் ஈரம். வெயில் சூட்டோடு மிஷினில் பார்க்க விடாதீர்கள். நிழலில் ஆறவிட்டு, குவியலின் மூன்று மட்டத்திலும் எடுத்துக் கலந்து பார்க்கச் சொல்லுங்கள். காட்டிய எண்ணை, தேதியோடு, பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். "நாளைக்கு வா" என்று சொல்லி நாலு நாள் கழித்து நனைந்த பிறகு "ஈரம் கூடிப்போச்சு" என்றால், முதல் நாள் எண் கையில் இருந்தால்தான் வழக்குப் பேச முடியும்.

எங்கள் ஊர் கிராம சபையில் இந்தத் தடவை இரண்டு தீர்மானம் வைத்திருக்கிறோம். ஒன்று, குறுவை அறுப்புக்கு முன்பே இந்த வட்டாரத்துக்கு உலர்த்தும் இயந்திரம் ஒதுக்க வேண்டும், தளர்வில் வாங்கும் நெல்லுக்குத் தனி அட்டி போட வேண்டும். மற்றொன்று, கடையிலிருந்து திரும்பும் அரிசி எங்கே போனது என்பதை மாதந்தோறும் கடைப் பலகையில் எழுத வேண்டும். இரண்டும் பதிவேட்டில் ஏறிவிட்டன. நகலை மாவட்ட ஆட்சியருக்கும் மாநில உணவு ஆணையத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். உங்கள் ஊரிலும் இதே தீர்மானத்தை வைக்க விரும்பினால் வாசகங்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஊர் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.